இரண்டு ஏடுகளை இணைக்கும் ஓர் எண்: கொள்முதல் கணக்கை 2பி-யுடன் ஒப்பிடும் முறை



சரக்கு வாங்கும்போது நாம் கொடுக்கும் ஜி.எஸ்.டி.யை, சரக்கு விற்றுக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறோம். இதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். 2017 ஜூலை 1-ஆம் தேதி இந்த வரி வந்த புதிதில், முறையான பில் கையில் இருந்தால் போதும் என்றே நம்மவர் பலரும் இருந்தோம். பிறகு கயிறு இறுகிக்கொண்டே வந்தது. விற்றவர் தம் கணக்கில் காட்டாத பில்களுக்கும், காட்டிய தொகையில் 20 சதவீதம் வரை கூடுதலாக வரவு எடுக்கலாம் என்று 2019 அக்டோபரில் எல்லை வைத்தார்கள். 2020 ஜனவரியில் அது 10 சதவீதம் ஆயிற்று. 2021 ஜனவரியில் 5 சதவீதம். 2022 ஜனவரி 1 முதல் அதுவும் இல்லை.

இன்றைய நிலை இதுதான். விற்றவர் தம் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் நம் பில்லைக் காட்டி, அது நமது ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வந்திருக்க வேண்டும். பில் கையில் இருக்கலாம், பணம் கொடுத்திருக்கலாம், மூட்டை குடோனில் இறங்கியிருக்கலாம். 2பி-யில் வரவில்லையென்றால் அந்த மாதம் அந்த வரி நம் கைப்பணம். மளிகை மொத்த வியாபாரத்தில் நமக்கு நிற்பது எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். 5 சதவீதம் வரியுள்ள சரக்கில் வரவு தவறினால் அந்தச் சரக்கின் லாபமே போய்விடும்.

ஆகவே மாதந்தோறும் நம் கொள்முதல் ஏட்டையும் 2பி-யையும் பில் பில்லாக ஒப்பிட வேண்டும். இரண்டும் தனித்தனிப் பட்டியல்கள். ஒன்றை நம் கணக்கர் எழுதுகிறார், மற்றது விற்றவர்கள் ஏற்றியதிலிருந்து வருகிறது. இவற்றை எப்படி இணைப்பது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

பெயர் ஏன் போதாது?

பில்லிலும் கடைப் பெயர் இருக்கிறது, 2பி-யிலும் பெயர் இருக்கிறது, பெயரை வைத்தே பார்த்தால் என்ன என்று கேட்பது நியாயம்தான். ஆனால் பெயர் ஒருவருக்கே சொந்தமில்லை. பழனி மலை நம் மாவட்டத்தில் இருக்கிறது. முருகன் பெயரில் கடை இல்லாத கடைவீதி இங்கே உண்டா? ஊருக்குள் வந்தால் அபிராமி பெயரில் எத்தனை கடைகள்! இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஸ்ரீ' என்ற ஓரெழுத்தையே மூன்று விதமாக எழுதுகிறார்கள். ஒருவர் 'டிரேடர்ஸ்' என்கிறார், அவரையே இன்னொருவர் 'டிரேடிங் கம்பெனி' என்று பதிகிறார். நாம் பார்த்தால் இவர்தான் அவர் என்று கண்டுகொள்வோம். கம்ப்யூட்டருக்கு ஒரு புள்ளி கூடினாலும் அவர் வேறு ஆள்.

எங்கள் கடைக்கே இப்படி ஒன்று நடந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று, எங்கள் பெயரை ஒத்த வேறொரு கடையின் எண்ணில் எங்கள் பில்லை ஏற்றிவிட்டது. போனில் கேட்டால் "உங்கள் பெயரில் ஏற்றியாயிற்று" என்றே பதில் வந்தது. பதிவு எண்ணை எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டு, அடுத்த மாதம் திருத்தினார்கள்.

பழைய ஏட்டில் இருந்த வழக்கம்

இது நமக்குப் புதிய பாடம் இல்லை. சிட்டையில் எழுதியதைப் பேரேட்டில் ஏற்றும் கணக்கப்பிள்ளை, சிட்டையின் ஓரத்தில் பேரேட்டுப் பக்க எண்ணைக் குறித்து வைப்பார். பேரேட்டிலும் சிட்டையின் பக்கம் இருக்கும். ஒரே பெயரில் நான்கு வாடிக்கைக்காரர் இருந்தாலும் பக்க எண் ஒன்றுதான். இரண்டு ஏடுகளையும் இணைத்தது பெயரல்ல, அந்த எண்ணே.

1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர், தகவல்களைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, பொதுவான ஓர் எண்ணால் அவற்றை இணைக்கும் முறையை எழுதி வெளியிட்டார். இன்று வங்கி முதல் ரயில் முன்பதிவு வரை நடப்பது பெரும்பாலும் அந்த வழியில்தான். அந்தப் பொது எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சாவி'. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு நம் ஊர்ப் பூட்டு. சாவியில் ஒரு பல் மாறினாலும் பூட்டு திறக்காது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

15 எழுத்தில் என்ன இருக்கிறது?

விற்றவரின் ஜி.எஸ்.டி. பதிவு எண் 15 எழுத்து கொண்டது. முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. அடுத்த 10 எழுத்தும் அவருடைய வருமான வரி பான் எண். 13-ஆவது எழுத்து, அதே பான் எண்ணில் அந்த மாநிலத்தில் அது எத்தனையாவது பதிவு என்பதைச் சொல்லும். 14-ஆவது இடத்தில் பொதுவாக 'இசட்' இருக்கும். கடைசி எழுத்து சரிபார்ப்புக்கானது. முன்னால் ஓர் எழுத்து பிசகினால் இந்தக் கடைசி எழுத்து ஒத்துவராது, இணையதளம் அந்த எண்ணைத் தள்ளிவிடும்.

ஒரே கம்பெனிக்குச் சென்னையில் ஒரு கிளை, பெங்களூரில் ஒரு கிளை என்றால் பான் ஒன்றுதான், பதிவு எண் இரண்டு. பெங்களூர்ச் சரக்கின் பில்லில் பொதுவாக ஐ.ஜி.எஸ்.டி. இருக்கும். சென்னைச் சரக்கில் சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும் பாதிப் பாதி. பெயரை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் குழம்புவார்.

சாவி தயாரிப்பது எப்படி?

பதிவு எண் மட்டும் போதாது. ஒரே வியாபாரியிடம் மாதத்தில் ஐந்து பில் வாங்கியிருப்போம். பில் எண் மட்டும் போதாது. பில் எண் 101 எல்லாக் கடையிலும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் அந்த ஒரு பில்லைத் தவிர வேறு எதையும் குறிக்காது. விதிப்படி பில் எண் 16 எழுத்துக்கு மேற்படாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். ஏப்ரலில் பலரும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். ஆகையால் ஆண்டுக் கணக்கை ஒப்பிடுபவர்கள் நிதியாண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதிவு எண், பில் எண், நிதியாண்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததே நம் சாவி.

எக்செல் தாளில் இதைச் செய்ய, ஒரே கோப்பில் இரண்டு தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் நம் கொள்முதல் ஏடு. இரண்டாவதில் இணையதளத்திலிருந்து இறக்கிய 2பி. இரண்டிலும் முதல் பத்தியைக் காலியாக விட்டு, பதிவு எண்ணையும் பில் எண்ணையும் 'அண்ட்' குறியால் ஒட்டி, நடுவில் ஒரு கோடு போட்டு அங்கே வையுங்கள். அதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

1. பில் எண் எழுதும் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 0457 என்று அடித்தால் 457 ஆகிவிடும். 3-12 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. சில மனித மரபணுக்களின் குறியீட்டுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயரிடும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாற்றி 2020-இல் அறிவித்தது.

2. முன்னும் பின்னும் உள்ள வெற்றிடம் கண்ணுக்குத் தெரியாது. 'டிரிம்' சூத்திரம் அதை எடுத்துவிடும்.

3. 'ஓ' என்ற ஆங்கில எழுத்தும் பூஜ்யமும், 'ஐ' எழுத்தும் ஒன்றும் கையெழுத்துப் பில்லில் ஒன்றுபோலவே இருக்கும். ஐயமாக இருந்தால் பில்லை எடுத்துப் பாருங்கள்.

4. ஒருவர் சாய்கோடு போடுவார், இன்னொருவர் சிறுகோடு போடுவார். எல்லாவற்றையும் சிறுகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். கோட்டை அடியோடு எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் 1/12 என்ற பில்லும் 11/2 என்ற பில்லும் ஒரே 112 ஆகிவிடும். எதைத் திருத்தினாலும் மூல எண்ணைத் தனிப் பத்தியில் அப்படியே வைத்திருங்கள்.

5. ஒரே பில்லில் இரண்டு விகித வரி இருந்தால் சிலர் அதை இரண்டு வரிசையாகப் பதிவார்கள். முதலில் கூட்டி ஒரே வரிசையாக்குங்கள். 'கவுண்ட்இஃப்' சூத்திரத்தால் ஒவ்வொரு சாவியும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணலாம். ஒன்றுக்கு மேல் வந்தால் அந்த இடத்தைச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை.

தேடும் முறை

எக்செல்லில் 'வி-லுக்அப்' என்றொரு சூத்திரம் உண்டு. அது நான்கு விஷயங்கள் கேட்கும். எதைத் தேடுவது? எந்தப் பகுதியில் தேடுவது? கிடைத்தால் எத்தனையாவது பத்தியை எடுத்து வருவது? சரியாகப் பொருந்துவது வேண்டுமா, தோராயமானது போதுமா? கடைசிக் கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது. பதில் சொல்லாமல் விட்டால் தோராயம் என்று எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத பில்லின் தொகையை நம் பில்லுக்கு எதிரே வைத்துவிடக்கூடும். அங்கே பூஜ்யம் போட்டால் சரியான பொருத்தம் மட்டும் வரும். புதிய எக்செல்லில் உள்ள 'எக்ஸ்-லுக்அப்', எதுவும் சொல்லாவிட்டாலும் சரியான பொருத்தத்தையே தேடும்.

தேடலை இரண்டு முறை செய்ய வேண்டும். முதலில் நம் ஏட்டில் உள்ள ஒவ்வொரு சாவியையும் 2பி-யில் தேடுவது. அடுத்து 2பி-யில் உள்ள ஒவ்வொன்றையும் நம் ஏட்டில் தேடுவது. முதல் தேடலோடு நிறுத்தினால், நாம் வாங்காத பில் 2பி-யில் உட்கார்ந்திருப்பது கடைசிவரை தெரியாது.

ஓர் உதாரணம்

கீழே உள்ளவை விளக்கத்துக்காக நாம் எழுதிய தொகைகள். நம் கொள்முதல் ஏட்டில் ஒரு மாதத்தில் ஆறு பில்கள் என்று வைத்துக்கொள்வோம்.

விருதுநகர், பில் 0457, வரி ரூ.6,300
விருதுநகர், பில் 0489, வரி ரூ.4,200
சேலம், பில் எஸ்/112, வரி ரூ.5,250
மதுரை, பில் 2031, வரி ரூ.3,600
ஈரோடு, பில் 88, வரி ரூ.2,500
கோவை, பில் 1204, வரி ரூ.7,150
மொத்த வரி ரூ.29,000

அதே மாதத்து 2பி-யில் இருப்பவை:

விருதுநகர், பில் 457, வரி ரூ.6,300
விருதுநகர், பில் 489, வரி ரூ.4,200
சேலம், பில் எஸ்-112, வரி ரூ.5,250
மதுரை, பில் 2031, வரி ரூ.3,060
மதுரை, பில் 2044, வரி ரூ.2,500
கோவை, பில் 1204, வரி ரூ.7,150
மொத்த வரி ரூ.28,460

மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் "540 ரூபாய்தானே வித்தியாசம்" என்று 2பி-யில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்வார். சாவி வைத்துத் தேடினால் கதை வேறு.

முன்னால் உள்ள பூஜ்யத்தையும் கோட்டையும் ஒழுங்குபடுத்திய பிறகு விருதுநகர் இரண்டும், சேலமும், கோவையும் சரியாகப் பொருந்துகின்றன. மதுரை 2031 இரண்டு பக்கமும் இருக்கிறது, தொகை மட்டும் வேறு. வித்தியாசம் 540. இந்த எண் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். அப்படி வகுபட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பது பழைய கணக்கர்கள் சொல்லித்தந்த உபாயம். 3,600 என்பது 3,060 ஆகியிருக்கிறது. ஈரோட்டுப் பில் 2பி-யில் இல்லவே இல்லை. மதுரை 2044 என்ற பில்லுக்கு நமக்குச் சரக்கே வரவில்லை. ஈரோட்டில் குறைந்த 2,500-ஐ மதுரையில் வந்த 2,500 மூடி மறைத்துவிட்டது. சட்டப்படி சரக்கு நம் கைக்கு வந்திருந்தால்தான் வரவு. ஆகவே இம்மாதம் நாம் எடுக்கத்தக்கது 28,460 இல்லை, 25,960 மட்டுமே. எடுக்கக்கூடாததை எடுத்துப் பயன்படுத்திவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியுடன் திருப்ப வேண்டியிருக்கும்.

மூன்று பட்டியல்கள்

ஒப்பிட்ட பிறகு நம் கையில் மூன்று பட்டியல்கள் இருக்கும்.

முதலாவது, இரண்டிலும் இருப்பவை. தொகையையும் ஒப்பிட வேண்டும். ஒரு ரூபாய்க்குள் வரும் வித்தியாசம் பைசாவைச் சரிக்கட்டியதில் வருவது, விட்டுவிடலாம். அதற்கு மேற்பட்டால் விற்றவரிடம் சொல்லித் திருத்தச் செய்ய வேண்டும். இந்தப் பட்டியலோடு கடமை முடிவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த வரவைத் திருப்ப நேரும்.

இரண்டாவது, நம் ஏட்டில் மட்டும் இருப்பவை. விற்றவர் படிவமே போடாமல் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் போடுபவராக இருக்கலாம். நம் பதிவு எண் இல்லாமல் சில்லறை விற்பனையாகக் காட்டியிருக்கலாம். வேறொருவர் எண்ணில் ஏற்றியிருக்கலாம். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பில் எண்ணும் தேதியும் தொகையும் நம் பதிவு எண்ணும் எழுதி ஒரு சீட்டாக அனுப்புங்கள். "கணக்கு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் சண்டைதான் வரும். "உங்கள் 88-ஆம் எண் பில், எங்கள் எண்ணில் வரவில்லை" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வரவு எடுக்கக் கடைசித் தேதி, அந்த நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30 அல்லது ஆண்டு அறிக்கை தாக்கல் செய்த நாள், இவற்றில் எது முந்தியதோ அது. அதற்குப் பிறகு பில் 2பி-யில் வந்தும் பயனில்லை.

மூன்றாவது, 2பி-யில் மட்டும் இருப்பவை. நம் ஆட்கள் பதிய விட்டதா, வேறு கடையின் பில்லா என்று பாருங்கள். நம்முடையது அல்லாததை, 2024 அக்டோபரில் வந்த பில் மேலாண்மை வசதியில் 'நிராகரி' என்று குறிக்கலாம். அங்கே ஒன்றும் குறிக்காமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

வசூல் கணக்குக்கும் இதே வழி

வரிக்கு மட்டுமல்ல, பாக்கிக்கும் இந்த முறை பொருந்தும். வத்தலக்குண்டு லைன், நத்தம் லைன், வேடசந்தூர் லைன் என்று வசூலுக்குப் போகும் நம் ஆட்கள் கொண்டுவரும் பட்டியல் ஒன்று. வங்கிக் கணக்கில் விழுந்த தொகை மற்றொன்று. யு.பி.ஐ. மூலம் வந்த பணத்துக்கு 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு, அதுவே இரண்டுக்கும் சாவி. அதையும் டெக்ஸ்டாகவே வைக்க வேண்டும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணை எண்ணாக அடித்தால், அதற்குப் பின் வரும் இலக்கங்களை எக்செல் பூஜ்யமாக்கிவிடும்.

ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு கடைகளுக்கு நாமே ஒரு வாடிக்கை எண் கொடுத்துவிடலாம். அந்த எண்ணில் லைன் பெயரையோ கடைக்காரர் பெயரையோ கலக்காதீர்கள். கடைக்காரர் லைன் மாறுவார், கடை கைமாறும். வெறும் வரிசை எண்ணே நல்லது. ஒரு கடை மூடிப்போனாலும் அதன் எண்ணை வேறு கடைக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பழைய பாக்கி புதியவர் தலையில் ஏறும். செல்போன் எண்ணைச் சாவியாக வைப்பதும் நல்லதல்ல, அது மாறிக்கொண்டே இருக்கும்.

எந்த நாளில் என்ன வேலை?

மாதாமாதம் படிவம் போடுபவர்கள் முந்திய மாதத்து ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ஆம் தேதிக்குள் போட வேண்டும். 2பி 14-ஆம் தேதி வரும். நாம் 3பி போட்டு வரி கட்ட வேண்டிய நாள் 20. ஆகவே 10-ஆம் தேதிக்கு முன்பே பில் மேலாண்மைப் பக்கத்தில் எந்தெந்தப் பில் ஏறியிருக்கிறது என்று பார்த்து, ஏறாதவர்களுக்கு நினைவூட்டுவது நல்லது. 11-ஐத் தாண்டிவிட்டால் அவர் திருத்துவது பெரும்பாலும் நமக்கு அடுத்த மாத 2பி-யில்தான் வரும். 14, 15 தேதிகளில் ஒப்பிட்டு, 18-க்குள் மூன்று பட்டியலையும் ஆடிட்டரிடம் கொடுத்துவிடலாம்.

கணக்கு மென்பொருள்கள் பலவும் இந்த ஒப்பீட்டைத் தாமே செய்கின்றன. அவை வைத்திருப்பவர்களும் இதே சாவியைத்தான் நம்பியிருக்கிறார்கள். பதியும்போது பில் எண்ணை அரைகுறையாக அடித்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. ஆகவே கொள்முதல் பதியும் பையனுக்கோ பெண்ணுக்கோ சொல்லித்தர வேண்டிய பாடம் ஒன்றே. பில்லில் எப்படி இருக்கிறதோ அப்படியே, கோடும் பூஜ்யமும் விடாமல் அடிக்கச் சொல்லுங்கள். விற்றவரின் 15 எழுத்தையும் முதல் பில்லிலேயே சரிபார்த்து ஏற்றச் சொல்லுங்கள். அதேபோல நாம் சில்லறைக் கடைகளுக்கு விற்கும்போது அவர்கள் எண்ணைச் சரியாக ஏற்றுவது நம் கடமை. நம் பிழையால் அவர்களுடைய வரவு தவறக்கூடாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அரசுக்குக் கட்டும் வரியையும் அப்படியே அளந்து கட்டுவோம். நமக்கு உரியதை விட வேண்டாம், நமக்கு உரியதல்லாததைத் தொட வேண்டாம்.